வெள்ளைக் குச்சி: படை விட்டு வீடு வந்த ஒருவர்

டியூஷன் காசு கொடுக்க வந்த தாய் ஒருவர், காசைக் கொடுத்த பிறகும் கதவடியிலேயே நின்றார். "டீச்சர், நீங்க ஸ்கூல்ல கவுன்சலிங் பார்த்தீங்கதானே. பெரிய ஆட்களுக்கும் பார்ப்பீங்களா?" 2023 நவம்பர், நல்ல மழை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். கணவர் 22 வருடம் ஆமியில் இருந்துவிட்டு அந்த வருடத் தொடக்கத்தில் விலகி வந்தவராம். "வீட்டுலதான் ஈக்கிறாரு. ஆனா லீவுல வந்த ஆள் மாதிரி ஈக்கிறாரு. பேக்கக் கூட இன்னும் பிரிக்கல்ல."

நான் மருத்துவர் இல்லை. விலங்கியல் படிப்பித்து, பள்ளிக்கூடத்தில் ஆலோசனை ஆசிரியையாகவும் இருந்து ஓய்வு பெற்றவள். சனிக்கிழமைகளில் கோட்டேப் பக்கத்துச் சதுப்புகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவள். கீழே வருவதை ஒரு பழக்கமான ஆளின் பதிவாக எடுத்துக்கொள்ளுங்கள், சிகிச்சைக் குறிப்பாக வேண்டாம். அவரும் மனைவியும் வாசித்து, சரி என்ற பிறகே எழுதுகிறேன். பெயர் எதுவும் வராது. அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வெள்ளவத்தையில் இருக்கும் தமிழச்சி, ஊர் பளை. எங்கள் வீட்டில் 'ஆமிக்காரன்' என்ற சொல்லுக்கு ஒரு சூடு உண்டு. அந்தத் தாயிடம் "சரி, வரச் சொல்லுங்கோ" என்று சொல்ல எனக்கு இரண்டு வாரம் எடுத்தது.

வந்தவர்

வயது 42. கொம்பனித்தெருவில் பிறந்த தமிழ் பேசும் முஸ்லிம். சாதாரண தரம் தமிழ் மொழியில் படித்து, வாப்பா மவுத்தானதும் 2001ல் படையில் சேர்ந்தார். வன்னியில் கடைசிச் சண்டை வரை இருந்தார். 2009க்குப் பிறகு மிதிவெடி அகற்றும் பிரிவு. முகமாலைப் பக்கம் நீண்ட காலம். முகமாலைக்கும் பளைக்கும் இடையில் கூப்பிடு தூரம்தான். அவர் குப்புறப் படுத்து மண்ணைக் கிளறிய வரிசைகளில் ஏதாவது எங்கள் தென்னங்காணிக்குக் கிட்ட வந்ததா என்று நாங்கள் இருவரும் கணக்குப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

அவர் வடக்கில் இருந்த காலத்திலேயே கொம்பனித்தெரு வீடு உடைபட்டு, குடும்பத்துக்குத் தெமட்டகொடையில் தொடர்மாடி கிடைத்தது. ஒன்பதாம் மாடி. அவர் லிப்டில் ஏறுவதில்லை. இரவில் எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையிலுள்ள படியில் உட்கார்ந்திருப்பார், அங்கிருந்தால் மேலும் கீழும் பார்க்கலாம் என்பதால். இரண்டு மூன்று மணி நேரத் தூக்கம். மகள் பலூன் ஊதினால் வெளியே போய்விடுவார். அக்கம்பக்கத்தாருக்கு அவர் கட்டாரில் இருந்து வந்தவர். யாரோ அப்படி நினைத்துக் கேட்க, அவர் மறுக்கவில்லை, அதுவே நிலைத்துவிட்டது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு முகாமில் சிலர் அவரை முஸ்லிமாகப் பார்த்தார்கள், பள்ளிவாசலில் சிலர் ஆமியாகப் பார்த்தார்கள். கட்டார் எல்லாருக்கும் வசதியாகப் போயிற்று.

கொள்ளுப்பிட்டியில் ஒரு மாடிக் குடியிருப்பில் செக்கியூரிட்டி வேலை கிடைத்தது. நாலு மாதம். ஒருநாள் வாசலில் ஒரு லொறியின் டயர் வெடித்தது. பக்கத்தில் நின்ற குடியிருப்புப் பெண்மணியையும் இழுத்துக்கொண்டு இவர் நிலத்தில் விழுந்துவிட்டார். அந்த அம்மாவின் முழங்கை உரசிப்போனது. அவர் உயிரைக் காப்பாற்றுவதாகத்தான் இவர் நினைத்தார். அடுத்த நாள் வேலை இல்லை.

இப்படியானவர்களுக்கு நாட்டில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. படையினரின் நலனைப் பார்க்கும் ரணவிரு சேவா அதிகாரசபை 1999ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்தது. காயப்பட்ட படையினருக்கென ராகமையில் ரணவிரு செவன, அனுராதபுரத்திலும் வேறு இடங்களிலும் அபிமன்சல இல்லங்கள். அவற்றுக்குள் போகிறவர்களின் காயத்தைப் பார்த்தாலே தெரியும்: கால் இல்லை, பார்வை இல்லை, முதுகெலும்பு போய்விட்டது. இவருக்குக் கை கால் எல்லாம் இருக்கிறது, பென்ஷன் வருகிறது. "எனக்கு வருத்தம் எண்டு செல்லிப் போனா, கால் இல்லாத மச்சான்மார் என்ன நினைப்பாங்க?" என்று கேட்டார். அரச ஆஸ்பத்திரி கிளினிக் ஒன்றுக்கு அவரைப் போக வைத்ததுதான் என் முதல் வேலை. அங்கே மாத்திரை கொடுத்தார்கள், நோய்க்குப் பெயரும் சொன்னார்கள். அதிர்ச்சிக்குப் பிந்திய மன அழுத்தம் என்ற அந்தப் பெயரே அமெரிக்க மனநல வகைப்பாட்டுக்குள் 1980ல்தான் வந்தது, அதுவும் வியட்நாமில் இருந்து திரும்பியவர்கள் பல வருடம் சத்தம் போட்ட பிறகு. இதைச் சொன்னபோது அவர் முகம் கொஞ்சம் இளகியது. தனக்கு முன்னால் ஒரு வரிசை நிற்கிறது என்பதில் அவருக்கு ஏதோ ஆறுதல்.

இவரைப் போல இன்னும் நிறையப் பேர் வரப்போகிறார்கள். 200,783 என்றிருந்த தரைப்படையின் அங்கீகரிக்கப்பட்ட எண்ணிக்கையை 135,000க்கும், 2030க்குள் 100,000க்கும் குறைப்பதாக 2023 ஜனவரியில் அரசு அறிவித்தது. பேசப்பட்டதெல்லாம் செலவு. வீட்டுக்கு வரும் ஆளுக்கு விடிந்தால் என்ன வேலை என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

கேட்டவர்கள் ஏஜென்டுகள். 2024 ஜனவரியில் ஒருவன் அவருக்கு போன் எடுத்தான். ரஷ்யா, சமையல் வேலை, காவல் வேலை, சண்டை இல்லை, சம்பளம் டொலரில். பிரிக்காத அந்தப் பேக்குக்குள் பாஸ்போர்ட்டும் இருந்தது. மனைவி அழுதுகொண்டு போனில் சொன்னபோது நான் எடுத்த முடிவு, என்னால் தனியே இதைச் செய்ய முடியாது என்பது.

சார்ஜன்

எனக்குத் தெரிந்த ஒரு மலாய்க் குடும்பத்துப் பெரியவர் கொம்பனித்தெருவில் இருக்கிறார். எழுபதை நெருங்குபவர். தொண்ணூறுகளில் சார்ஜனாக ஓய்வு பெற்றவர். மலாய்க்காரருக்குப் பட்டாளம் பரம்பரைத் தொழில் மாதிரி. பிரிட்டிஷ் காலத்துச் சிலோன் ரைபிள்ஸ் படையில் பெரும்பாலும் அவர்கள்தான் இருந்தார்கள். அது கலைந்தாலும் ரைபிள் வீதி என்ற பெயர் அந்தப் பகுதியில் இன்னும் இருக்கிறது. உதவி கேட்டபோது சார்ஜன் சிரித்தார். "எங்க ஆட்கள 1873லயே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க டீச்சர். எங்களுக்கு அனுபவம் ஈக்கி."

அவர் போட்ட நிபந்தனைகள் எனக்கு ஆச்சரியமாக இருந்தன. சண்டையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கக்கூடாது. வீட்டில் சந்திக்கக்கூடாது. நேரம் தவறக்கூடாது. சுபஹுத் தொழுகை முடிந்து 5.30க்குப் பேரை வாவி ஓரம், கங்காராமப் பக்கத்து வாங்கு.

அந்த ஏரியின் நடுவே உள்ள திட்டு மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. வெளிச்சம் வர வர ஒவ்வொன்றாகக் கழுத்தை நீட்டும். முதல் நாள் சார்ஜன் பிளாஸ்க்கில் இருந்து பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டது இவ்வளவுதான்:

"மகன், எத்தன?"

"முப்பத்தொண்டு சார்ஜன்."

"திரும்ப எண்ணு."

"...முப்பத்துநாலு."

"எழுது."

ஒரு கொப்பியும் பேனையும் தயாராக வைத்திருந்தார். நான் தள்ளி நின்று பார்த்தேன். 22 வருடம் காவல் நின்ற கண்ணுக்கு எண்ணுவதற்கு ஒன்று கிடைத்திருந்தது. அது திருப்பிச் சுடாது. அன்று அவர் தோள் இறங்கியதை நான் பார்த்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. அடுத்த நாள் 5.20க்கே வந்து நின்றார் என்பதுதான் தெரிந்தது.

நோன்பு மாதத்தில் பிளாஸ்க் வரவில்லை, இருவரும் வந்தார்கள். ஏஜென்டின் அழைப்புகளும் வந்துகொண்டிருந்தன. போகாதே என்று சார்ஜன் ஒரு தரமும் சொல்லவில்லை. "போறதெண்டா போ. யார் எண்ணுறது எண்டு ஒரு ஆளப் பாத்துக் குடுத்துட்டுப் போ" என்றாராம். அந்த வருடம் மே மாதமளவில், ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் போன நம் நாட்டு முன்னாள் படையினர் முன்னரங்கில் தள்ளப்பட்டு இறந்த செய்திகள் வரிசையாக வெளியாயின. அவரோடு முகாமில் இருந்த ஒருவர் போயிருந்தார். அவரைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை.

வழிகாட்டி என்ற சொல்லை நாம் கொஞ்சம் தாராளமாகப் பாவிக்கிறோம். வேலை தேடித் தருபவர், புத்தி சொல்பவர் எல்லாரையும் அப்படிச் சொல்கிறோம். சார்ஜன் இவை இரண்டையும் செய்யவில்லை. விடியும்போது ஒருவரை ஓரிடத்தில் எதிர்பார்த்திருந்தார், அவ்வளவுதான். படையில் அது எப்போதும் இருக்கும், யாரோ ஒருவர் பெயர் கூப்பிடுவார். வெளியே வந்த ஆளை யாரும் கூப்பிடுவதில்லை. 1979ல் அமெரிக்காவில் வியட்நாம் படையினருக்கென 'வெட் சென்டர்' நிலையங்களைத் தொடங்கியபோது அவற்றை ஆஸ்பத்திரிக்குள் வைக்காமல் ஊருக்குள் வைத்து, அதே போரிலிருந்து வந்தவர்களையே வேலைக்கும் எடுத்தார்கள். சார்ஜனுக்கு அந்தக் கதை தெரியாது. சொன்னபோது, "அதுக்கென்ன, வாங்குதானே வேணும்" என்றார்.

என் தவறு

இதில் நான் செய்த பிழையையும் எழுத வேண்டும். வாவி ஓரம் இவ்வளவு நன்மை செய்கிறதே, பச்சை அதிகமானால் நன்மையும் அதிகமாகும் என்று எனக்குள் ஒரு ஆசிரியைக் கணக்கு. மரங்கள் தெரியும் ஜன்னலோரம் படுத்த நோயாளிகள், செங்கல் சுவரைப் பார்த்துப் படுத்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள் என்று 1984ல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வை நான் வகுப்பில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். அந்த நம்பிக்கையில் பெருநாள் முடிந்த அடுத்த வாரம், நகருக்கு வெளியே ஒரு சிறு காட்டுப் பாதைக்கு இருவரையும் கூட்டிப் போனேன்.

பத்து மீட்டர் போயிருக்க மாட்டோம். அவர் நின்றுவிட்டார். நான் ஒரு குக்குறுவானின் குரலைக் காட்டிக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் கழுத்து வழியே வியர்வை ஓடுகிறது, கண் முழங்கால் உயரத்தில் கொடிகளுக்கு இடையே எதையோ தேடுகிறது. "வயர்" என்றார், எங்களிடம் இல்லை, தனக்குத்தானே. சார்ஜன் குரலை உயர்த்தாமல் சிங்களத்தில் ஒரு கட்டளை சொன்னார். அவர் திரும்பினார். வந்த அடிச்சுவட்டிலேயே கால் வைத்து வெளியே வந்தார். நாங்களும் அப்படியே வந்தோம்.

பஸ்ஸில் யாரும் பேசவில்லை. இறங்கிய பிறகு சார்ஜன் என்னிடம் சொன்னார்: "டீச்சர், உங்களுக்குக் காடு எண்டா குருவி. அவனுக்குக் காடு எண்டா வேற." உல்ரிச்சின் நோயாளிகளுக்கு அந்த மரங்களின் பின்னால் யாரும் ஒளிந்திருக்கவில்லை என்பது அதுவரை எனக்குத் தோன்றவேயில்லை. அதன் பிறகு அவர் பத்து நாள் வாவிக்கு வரவில்லை. படியில் உட்காருவது விடியும்வரை நீண்டது.

சதுப்பு

பதினோராம் நாள் வந்தார். அடுத்து எங்கே போவது என்பதை அவரையே தெரிவு செய்யச் சொன்னோம். நான் பல இடங்களின் படங்களை போனில் காட்டினேன். பெத்தகான ஈரநிலப் பூங்காவின் படத்தில் நிறுத்தினார். ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின் கீழ் கொழும்பு 2018ல் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றபோது உலகிலேயே முதல் தொகுதியில் வந்த 18 நகரங்களில் ஒன்று என்று நான் பெருமையாக ஆரம்பித்தேன். அவர் கேட்டது வேறு. "இது பலகப் பாதையா டீச்சர்?"

ஆமாம், தண்ணீருக்கு மேலே பலகை. மண்ணே இல்லை. அதற்குள் எதையும் புதைக்க ஏலாது. நாலு பக்கமும் திறந்த வெளி, தூரத்தில் வருகிற ஆள் தெரியும், ஏறிப் பார்க்கக் கோபுரம் இருக்கிறது. ஒரு சிப்பாய் திட்டமிட்டுக் கட்டியது போன்ற இடம்.

அங்கே அவர் கண் வேலை செய்த விதத்தை நான் மறக்க மாட்டேன். 30 வருடம் சதுப்புக்குப் போகிற நான் பார்க்காததை அவர் பார்த்தார். சேற்றில் ஒரு கோடு: நீர்நாய் சறுக்கிய தடம். சம்புப் புல்லில் ஒரு மடிப்பு: தாழைக்கோழிக் கூடு. கபரகொய்யா ஒன்று மூச்சு விடுவதை நாற்பது மீட்டரில் இருந்து சொன்னார். 'மாறியிருப்பது எது' என்று பார்ப்பதுதான் அவர் தொழிலாக இருந்திருக்கிறது.

கோட்டேப் பக்கம் ஒரு சதுப்பு விளிம்பில் தொண்டர்கள் சிலர் மாதம் இரண்டு சனிக்கிழமை வெல் ஆத்தா பிடுங்குகிறார்கள். நம் அன்னமுன்னாவின் சொந்தக்கார மரம், அமெரிக்கப் பக்கத்தில் இருந்து வந்தது. பழம் தண்ணீரில் விழுந்து விதை மிதந்து போய் எங்கெல்லாமோ முளைக்கும். மரம் அடர்ந்தால் சதுப்பு மூடிவிடும், பிறகு வெள்ளத்துக்குத் தங்க இடமில்லை. 2010 நவம்பரில் பாராளுமன்றமே தண்ணீரில் நின்றதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தொண்டர்கள் நல்ல பிள்ளைகள், ஆனால் ஆளுக்கொரு பக்கம் பாய்ந்து பிடுங்குவார்கள். பாதி நாற்று தப்பிவிடும்.

இரண்டு சனி அவர் பலகையில் நின்று பார்த்தார். மூன்றாம் சனி ஒரு உருண்டை நூலும், ஒரு கட்டுக் குச்சியும் கொண்டு வந்தார். பாதிக்குச் சிவப்பு மை, பாதிக்கு வெள்ளை. மகளும் அவருமாக ராத்திரி இருந்து பூசியிருக்கிறார்கள். நூலை இழுத்து ஒரு மீட்டர் அகலத்தில் வரிசைகள் பிரித்தார். ஒரு ஆளுக்கு ஒரு வரிசை. சிவப்புக்கு அப்பால் கை போகக்கூடாது. முன்னாலுள்ளதைச் சுத்தமாக எடுத்த பிறகுதான் வெள்ளையை நட்டு நகர வேண்டும். பல்கலைக்கழகப் பிள்ளைகள் சிரித்தார்கள், கொஞ்ச நேரத்தில் பழகிவிட்டார்கள். முகமாலையில் என்ன செய்தாரோ அதே முறை. என்னையும் சார்ஜனையும் தவிர அங்கே யாருக்கும் அது தெரியாது.

பிறகு தன் வரிசைக்கு வந்தார். பலகையை விட்டு மண்ணில் இறங்க வேண்டிய இடம். ஒரு மெல்லிய கம்பியை எடுத்தார், குந்தி, மண்ணுக்குள் சாய்வாகச் செருகினார். இரண்டு விரல் தள்ளி மறுபடி. மறுபடி. ஒரு காலடி அளவுக்கு அப்படிப் பார்த்து முடித்த பிறகு வலது முழங்காலை அதில் வைத்தார். சேறு புளிச்சென்றது. முதல் நாற்றை வேரோடு எடுத்து உதறிப் பக்கத்தில் போட்டார். வெள்ளைக் குச்சி. சார்ஜன் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது அந்த வரிசைகளில் தப்பி முளைத்திருந்ததை விரல் விட்டு எண்ணலாம்.

சார்ஜன் வராத சனி

ஆனால் ஒரு கவலை எனக்கு இருந்தது. அவர் செய்வதெல்லாம் சார்ஜன் சொல்வதால்தானோ? சார்ஜன் வா என்றால் வருகிறார், எழுது என்றால் எழுதுகிறார். படையை விட்டு இன்னொரு சின்னப் படைக்குள் வந்திருந்தால் அதை மீட்சி என்று எப்படிச் சொல்வது? சார்ஜனிடமும் சொன்னேன். அவருக்குக் கோபம்தான் வந்தது.

கேள்விக்குப் பதில் வேறு வழியில் வந்தது. செப்டெம்பரில் சார்ஜனுக்குக் கண்ணில் ஒபரேஷன், வெள்ளை வளர்ந்துவிட்டது. அந்தச் சனி ஒரு தமிழ் மொழிப் பாடசாலையிலிருந்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வர இருந்தார்கள். நான் வீதித் தடையில் மாட்டிக்கொண்டேன். அங்கிருந்த வழிகாட்டிக்குச் சிங்களமும் ஆங்கிலமும்தான் வரும். நான் போய்ச் சேர்ந்தபோது, சார்ஜன் இல்லாமல் தனியே வந்திருந்த இவர் பிள்ளைகளைப் பலகையில் வரிசையாக உட்கார வைத்து, வாயில் விரல் வைத்து, நீர்க்காகம் சிறகு காய வைப்பதைக் காட்டிக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் ஒரு சின்னப் பெண் கேட்டாள்: "அங்கிள், நீங்க ஆமியா?"

"முன்ன" என்றார். அவ்வளவுதான். பிறகு மற்ற நீர்க்காகத்தைக் காட்டினார்.

அன்று இரவு மனைவி போன் எடுத்தார். பக்கத்து வீட்டு ஆளிடமும் அவர் சொல்லிவிட்டாராம், கட்டார் இல்லை என்று. அந்த ஆள், "எங்களுக்குத் தெரியும் நானா, நீங்க நடக்கிறதுல" என்றிருக்கிறார்.

இப்போது

2025 நடுப்பகுதி. கிழமை நாட்களில் சொந்தமாக ஓட்டோ ஓட்டுகிறார், பள்ளிப் பிள்ளைகளின் ஹயர்தான் அதிகம். தொண்டர்களைப் பழக்க அழைத்தால் நாட்கூலி கிடைக்கிறது, அது எப்போதாவதுதான். காசு போதாது. ஏஜென்ட் சொன்ன தொகையை அவர் மறந்துவிட்டார் என்று நான் நம்பவில்லை. கிளினிக் தொடர்கிறது, ஒரு மாத்திரையை மருத்துவர் குறைத்திருக்கிறார். "இப்ப குறட்ட விடுறாரு டீச்சர், அல்ஹம்துலில்லாஹ்" என்கிறார் மனைவி. ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டுச் சீனவெடிக்கு இரண்டு நாள் படியில்தான் இருந்தார். மகளோடு என்றால் மட்டும் லிப்டில் ஏறுவார். விகாரமகாதேவி பூங்காவில் மகள் புல்லில் ஓடுவாள், அவர் சீமெந்துப் பாதையில் கூடவே நடப்பார்.

பேக் பிரிக்கப்பட்டுவிட்டது. பாஸ்போர்ட் அலுமாரியில்.

கூழைக்கடாக் கொப்பி இப்போது மூன்றாவது. இந்தப் பதிவுக்காக அதைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். திகதி, நேரம், எண்ணிக்கை, கடைசிப் பத்தியில் குறிப்பு. படையில் 22 வருடம் எழுதிய பழக்கத்தில் குறிப்பெல்லாம் சிங்களம், பக்கத்துக்குப் பக்கம் ஒரே வாசகம்: 'விசேஷ கிசிவக் நெத', விசேஷமாக எதுவும் இல்லை. போன மாதப் பக்கத்தில், பென்சிலில், எழுத்துக்கள் கொஞ்சம் கோணலாக, பள்ளிக்கூடத்தோடு விட்ட தமிழில் ஒரு வரி இருந்தது. "கூட்டில் குஞ்சு ரெண்டு. தாய் வர லேட். சரியான சத்தம்."